முடிவைப் படித்துவிட்டுத் தொடங்குகிறவர்

ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. சின்ன வயதில் அதை எண்ணிக்கொண்டே போனால் குமட்டல் தெரியாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பெரியம்மாதான். போன வருஷம் பொங்கல் லீவில் அவரைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். சேலம் செவ்வாய்ப்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை எதிரே தெரியும், நாற்பது வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டே வடகம் காயப்போட்டிருக்கிறார், ஆனால் மேலே ஏறியது நாலு தடவையோ ஐந்து தடவையோதான். பஸ் அடிவாரம் தாண்டியதும் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "எனக்கு வேண்டாம் கண்ணு, படிச்சுக்கிட்டே வந்தா எனக்கு ஒண்ணும் பண்ணாது. நீதான் வளைவுக்கு வளைவு முழிப்ப." உலகத்தில் எல்லாருக்கும் பஸ்ஸில் படித்தால் தலை சுற்றும், இவருக்கு மட்டும் படிக்காவிட்டால் சுற்றும்.

படிக்க நான்தான் புத்தகம் கொடுத்தேன். புத்தகத் திருவிழாவில் வாங்கிய நல்ல தடிமனான துப்பறியும் நாவல், மொழிபெயர்ப்பு. அதை நான் இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டுப் படித்து, கடைசியில் கொலைகாரன் யாரென்று தெரிந்தபோது எழுந்து உட்கார்ந்து, போன அத்தியாயங்களை மறுபடி புரட்டிப் பார்த்து, ஏமாந்த சந்தோஷத்தில் ஒரு வாரம் திரிந்தவன். அந்தச் சந்தோஷத்தை அப்படியே அவரிடம் கொடுப்பதாக நினைப்பு. நாலாவது வளைவு வரை அட்டையைப் பார்த்தார். ஐந்தில் முதல் அத்தியாயம். ஆறில் கண்ணாடியைத் துடைத்தார். ஏழாவது வளைவில், பஸ் பெருமூச்சு விட்டுத் திரும்புகிற அந்த நேரத்தில், கட்டை விரலால் புத்தகத்தைப் பின்னாலிருந்து திறந்து, சாவகாசமாகக் கடைசி அத்தியாயத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

"பெரியம்மா! என்ன பண்றீங்க!"

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். அவர் நிமிரவில்லை. இரண்டு பக்கம் படித்து முடித்து, "ஓ, இவனா" என்றார், ஏதோ வீட்டுக்கு வந்தவரை ஜன்னல் வழியாகப் பார்த்ததுபோல. அப்புறம் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனார். "இனி நிம்மதியாப் படிக்கலாம்."

நான் மீதிப் பதின்மூன்று வளைவும் பேசவில்லை. இது சின்ன விஷயம்தான், தெரியும். ஆனால் மேலே போய் இறங்கிய பிறகும், ஏரிக்கரையில் நடந்தபோதும் எனக்கு ஆறவே இல்லை.

என் பக்க நியாயம் இது. நான் மாத நாவல் படித்து வளர்ந்தவன். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாடகைப் புத்தகக் கடை இருந்தது, ஒரு ஆள் உள்ளே போனால் இன்னொரு ஆள் வெளியே வரவேண்டிய அகலம். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கேதான். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜெயந்தி, ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா. இவர்கள் எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன் அண்ணிகள் மாதிரி. கடைக்காரரிடம் ஒரே ஒரு சட்டம்தான்: படித்தவன் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு பையன் ஒருமுறை ஒரு நாவலின் முதல் பக்கத்தில் கொலைகாரன் பெயரைப் பென்சிலால் எழுதிவைத்தான். யாரென்று கண்டுபிடித்து அவன் கணக்கையே மூடிவிட்டார். அந்த வயதில் எனக்கு அது மிகச் சரியான தண்டனையாகப் பட்டது, இப்போதும் அப்படித்தான். லண்டனில் அகதா கிறிஸ்டியின் 'எலிப்பொறி' நாடகம் 1952ல் தொடங்கி இன்றுவரை நடக்கிறது, ஆட்டம் முடிந்ததும் நடிகர் ஒருவர் முன்னால் வந்து முடிவை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வார். எழுபது வருஷமாகக் காப்பாற்றுகிறார்கள். எங்கள் பெரியம்மாவால் ஏழு வளைவு காப்பாற்ற முடியவில்லை.

இத்தனைக்கும் சேலத்துக்கும் மர்மக் கதைக்கும் இருப்பது இன்று நேற்று வந்த தொடர்பில்லை. அன்றைக்குக் காலையில்கூட ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் கடந்துதான் பஸ் போனது. ஸ்டூடியோ போய்விட்டது, முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அதை நடத்திய டி.ஆர். சுந்தரம் 1950ல் அங்கிருந்துதான் 'திகம்பர சாமியா'ரை எடுத்தார், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல், எம்.என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் கட்டி நடித்தது. பின்னால் அதே கம்பெனியிலிருந்து ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று வரிசையாகத் துப்பாக்கிப் படங்கள். இந்த ஊர்க்காரருக்கு சஸ்பென்ஸ் என்றால் என்னவென்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ஜனவரிப் பனி, பஜ்ஜி கைக்கு வருவதற்குள் ஆறிவிடுகிறது. என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு அவராகவே ஆரம்பித்தார்.

பட்டறையில் ஒரு புத்தகம்

பெரியம்மா கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும், மொத்தம் பதினெட்டு வருஷம், ஒரு வெள்ளிப் பட்டறையில் வேலை பார்த்தவர். கொலுசுக்குக் கண்ணி கோர்ப்பது, சலங்கை மாட்டுவது. இது எனக்குத் தெரிந்த விஷயம்தான், அவர் விரல் நுனிகளைப் பார்த்தாலே தெரியும். தெரியாதது, அங்கே அவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பது.

பெண்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் படிக்கிற பைத்தியம். ஆனால் மாத நாவல் ஒன்றுதான், ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்குவது. புத்தகம் வந்த அன்றைக்கு யார் முதலில் படிப்பது என்று சண்டை. ஒருத்தி வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று நாள் வைத்துக்கொள்வாள், அதற்குள் மற்றவர்களுக்குப் பொறுமை போய்விடும், போதாததற்கு அவள் மறுநாளே வந்து கதையைச் சொல்லவும் செய்வாள். ஆறு பேரில் மூத்தவர் ஒருவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மாத நாவலுக்கு என்ன பைண்டிங், ஓரத்தில் இரண்டு பின், மேலே ஒட்டிய அட்டை. கொறடால் பின்னைப் பிடுங்கினால் புத்தகம் ஆறு கட்டாகப் பிரிந்துவிடும். ஆளுக்கு ஒரு கட்டு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்து, சாயங்காலம் அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். ஆறு நாளில் ஆறு பேரும் முழுப் புத்தகத்தையும் படித்துவிடுவார்கள். அட்டையில் இருக்கும் நடிகை படம் பட்டறையில் டீ வாங்கி வரும் பையனுக்கு.

"முதல் கட்டு மூத்தவங்களுக்கு. அப்படியே வயசு வரிசைப்படி. நான்தான் சின்னவ, அதனால என் கைக்கு வர்றது எப்பவும் கடைசிக் கட்டுதான். திங்கக்கிழமை நான் உட்கார்ந்தா போலீஸ் விலங்கு மாட்டிக்கிட்டிருக்கும். யாருக்கு, எதுக்கு, ஒண்ணும் தெரியாது. செத்தவன் யாருன்னே செவ்வாக்கிழமைதான் தெரியும்."

நான் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். கடைசிக் கட்டு, அப்புறம் முதல் கட்டு, அப்புறம் இரண்டு, மூன்று என்று சுற்றி வருமாம். ஆக எல்லாப் புத்தகத்துக்கும் முடிவு முதலில். வாயைத் திறக்கக் கூடாது என்ற சட்டம் அங்கேயும் இருந்தது, அதை முதல் நாளிலிருந்தே கடைப்பிடிக்க வேண்டியவர் ஆறு பேரில் அவர் ஒருவர்தான், ஏனென்றால் திங்கட்கிழமை மத்தியானமே முடிவு தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மூத்தவர்கள் எல்லாம் கடைசிக் கட்டு தங்கள் கைக்கு வரும்வரை "அவனா இருக்குமோ, இவளா இருக்குமோ" என்று கண்ணி கோர்த்துக்கொண்டே விவாதம் பண்ணுவார்கள். பெரியம்மா தலையைக் குனிந்து சலங்கை மாட்டிக்கொண்டிருப்பார். "எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பா வரும். ராணி மாதிரி உக்காந்திருப்பேன்."

கல்யாணம் ஆகி, பட்டறையை விட்டு, சொந்தமாக முழுப் புத்தகமே வாங்க முடிந்த காலத்திலும் பழக்கம் போகவில்லை. ஒருமுறை முதலிலிருந்து படித்துப் பார்த்தாராம். "நல்லாவே இல்ல கண்ணு. என்ன நடக்குமோ என்ன நடக்குமோன்னு ஓடிக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு. எழுதுறவன் என்ன பண்றான்னு பாக்கவே முடியல."

இந்தக் கடைசி வாக்கியத்தை அப்போது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. ஆறு கட்டுக் கதையின் சுவாரசியத்தில் அது போய்விட்டது. கோபம் தணிந்தது, அவ்வளவுதான். பாவம், வசதியில்லாமல் வந்த பழக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அது எத்தனை மடத்தனமான இரக்கம் என்று தெரிய எனக்கு இன்னும் எட்டு மாசம் ஆனது.

எண்ணிப் பார்த்ததில்

நடுவில் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன், எனக்கு ஒன்று உறுத்தினால் அப்படித்தான். முதலில் கிடைத்தது எனக்குப் பிடிக்காத சாட்சி. 2011ல் சான்டியாகோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரண்டு உளவியல்காரர்கள் பன்னிரண்டு சிறுகதைகளை எடுத்துக்கொண்டு, சிலருக்கு முடிவைச் சொல்லிவிட்டும் சிலருக்குச் சொல்லாமலும் படிக்கக் கொடுத்தார்கள். பெரும்பாலான கதைகளை, மர்மக் கதைகள் உட்பட, முடிவு தெரிந்தவர்கள்தான் கூடுதலாக ரசித்ததாகச் சொன்னார்களாம். பின்னால் வேறு சிலர் செய்த ஆய்வுகளில் இதற்கு நேர்மாறாக வந்தது, அது எனக்கு ஆறுதல். ஆனாலும் ஆய்வுக்கூடத்தில் யாரோ கொடுக்கும் சிறுகதைக்கும், மழை நாளில் போர்வைக்குள் நாமே தேடி எடுத்த நாவலுக்கும் சம்பந்தம் உண்டா என்ன. ஆய்வுக்கு வந்தவர் யாரும் அடுத்த அத்தியாயத்துக்காகச் சோற்றை ஆறவிட்டிருக்க மாட்டார்.

இன்னொன்று கொஞ்சம் நெருக்கமாக இருந்தது. ஜானிஸ் ராட்வே என்று ஓர் அமெரிக்க ஆய்வாளர், அங்கே ஒரு ஊரில் காதல் நாவல்களாகப் படித்துத் தள்ளும் பெண்களிடம் உட்கார்ந்து பேசி 1984ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் பல பெண்கள் நாவலின் முடிவை முதலில் பார்த்துவிட்டுத்தான் படிக்கவே தொடங்குகிறார்கள். அவர்கள் சொன்ன காரணம், சோகமாக முடிகிற கதையில் தங்கள் சாயங்காலத்தைப் போட அவர்களுக்கு இஷ்டமில்லை. வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் செய்து முடித்து மிச்சமாகிற இரண்டு மணி நேரம் அது, சூதாட முடியாது.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால் காதல் நாவலுக்கு மட்டும் அவர் கடைசிப் பக்கத்தைத் தொடுவதே இல்லை. அலமாரியில் ரமணிசந்திரன் ஒரு தட்டு நிறைய உண்டு, எல்லாமே முறையாக முதல் பக்கத்திலிருந்து படித்தவை. "அதுல கடைசியில பாக்க என்ன இருக்கு? சேந்துருவாங்க. அது அட்டையிலயே தெரியுது." முடிவு தெரியாத கதையென்றால்தான் முடிவைப் பார்க்க வேண்டும். அவர் கணக்கு அவ்வளவு சுத்தம். ஒருமுறை நான் படிக்கும் மாயாஜால நாவல் வரிசையைக் கொடுத்துப் பார்த்தேன், டிராகன், பனிச்சுவர், ராஜ்ஜியத்துக்கு ராஜ்ஜியம் சண்டை, ஒவ்வொன்றும் செங்கல் மாதிரி ஐந்து புத்தகம். கடைசிப் புத்தகம் எங்கே என்றார். எழுதுகிறவர் அதை இன்னும் எழுதி முடிக்கவில்லை என்றேன். ஐந்தையும் அடுக்கி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "முடிச்சதும் குடு."

யோசித்துப் பார்த்தால் அவர் செய்வதில் புதுசாக எதுவும் இல்லை. எங்கள் பக்கத்துக் கூத்தில் கர்ணன் சாகப்போவது கூத்து பார்க்க வந்த கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். விடிய விடிய உட்கார்ந்து, கர்ண மோட்சத்தில் அவன் மனைவி பொன்னுருவி வழியை மறிக்கும்போது, இந்தத் தடவை அவன் போகாமல் இருந்துவிடுவானோ என்று வாயைப் பிளந்து பார்த்தவன்தான் நானும். தெரிந்த முடிவு நம்மை ஒன்றும் செய்வதில்லை என்று எப்படிச் சொல்ல முடியும். சரி, ஆனால் கூத்து வேறு, கிரைம் நாவல் வேறு. கர்ணன் சாவது ரகசியமில்லை. கிரைம் நாவலில் ரகசியம்தான் பண்டமே. பண்டத்தை எடுத்துவிட்டு டப்பாவை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்தக் கேள்வியில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

நான் சொன்ன பொய்

ஆவணியில் பெரியம்மாவுக்குக் கண்புரை அறுவை. நல்லபடியாக முடிந்தது. ஆனால் மற்ற கண்ணிலும் பார்வை சரியில்லாததால் ஒரு மாசம் படிக்கக் கூடாது, புதுக் கண்ணாடி வந்த பிறகுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொட்டு மருந்துக்கு அழாதவர் இதற்குக் கலங்கிவிட்டார். சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது நான் படித்துக் காட்டுவதாக ஏற்பாடு. பழைய மாத நாவல் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன், நான் படித்தது, அவர் படிக்காதது.

அது எந்த நாவல் என்று சொல்ல மாட்டேன். முடிவைச் சொல்லப்போகிறேன் என்பதால் ஊர், தொழில் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறேன். ஒரு மலை ஊர் பங்களாவில் பணக்கார ஏலக்காய் வியாபாரி செத்துக் கிடக்கிறார். வீட்டில் இருந்தவர்கள் அவருடைய மச்சினன், குடும்ப டாக்டர், சமையல்காரர், மகளைக் காதலிக்கும் பையன். கொன்றவர் டாக்டர்.

கட்டிலில் சாய்ந்து, கறுப்புக் கண்ணாடியோடு, பெரியம்மா முதலில் சொன்னதே "கடைசி அத்தியாயத்தைப் படி" என்பதுதான்.

எனக்கு அந்த நிமிஷம் என்ன புத்தி வந்ததோ. புத்தகம் என் கையில், பார்வை என் வசம், இந்த ஒரு தடவையாவது இவர் ஒழுங்காக, மனுஷர்கள் மாதிரி, முன்னாலிருந்து பின்னால் போய்க் கடைசியில் திடுக்கிட்டால் என்ன என்று தோன்றியது. கடைசி அத்தியாயத்தைத் திறந்து, பெயர்களை மாற்றிப் படித்தேன். டாக்டர் வரும் இடமெல்லாம் மச்சினன். காரணம் சொல்லும் பத்தியை இரண்டே வரியில் நானே கட்டிச் சொன்னேன். சொத்துத் தகராறு, மச்சினன்தான் செய்தான், கைது. பெரியம்மா "ம்" என்றார். "சரி, இனி முதல்லருந்து."

அன்றைக்கு நாலு அத்தியாயம். மறுநாள் ஐந்து. சத்தமாகப் படிக்கும்போது ஒரு நாவல் எத்தனை வேறு மாதிரி ஆகிவிடுகிறது என்பதைத் தனியாக எழுத வேண்டும், கண்ணால் தாண்டிப் போகிற "ஜில்லென்ற காற்று முகத்தில் மோதியது" எல்லாவற்றையும் வாயால் சொல்லியாக வேண்டும். பெரியம்மா நடு நடுவே ஒன்றும் பேசவில்லை. மச்சினன் வரும்போது மட்டும் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன், பட்டறையில் அவர் சிரித்த சிரிப்பு.

மூன்றாம் நாள் பதினோராவது அத்தியாயத்தின் நடுவில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"நீ பொய் சொல்லிட்ட."

என்ன பொய் என்றேன். குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை.

"மச்சினன் இல்ல கண்ணு. மச்சினன் உள்ள வந்த அன்னைக்கே சிகரெட் பிடிக்கிறான், கடன்காரன்னு சொல்லிட்டான், எல்லாரையும் முறைக்கிறான். எழுதுறவன் அவனை மறைக்கவே காணோம். கொலைகாரனை இப்படி நடுக்கூடத்துல நிறுத்தி வெச்சு லைட்டா போடுவாங்க? நானும் ரெண்டு நாளா அவன் எங்கயாவது ஒளியறானான்னு பாத்துக்கிட்டே இருக்கேன், ஒளியவே மாட்டேங்கறான்."

"அப்ப யாரு?"

"அந்த டாக்டரு. மத்தவங்க வந்தா சட்டை என்ன கலர்னு சொல்றான், கோபமா போனான் அழுதுக்கிட்டு போனான்னு சொல்றான். டாக்டர் மட்டும் 'கிளம்பிப் போனார்'. நீ படிக்கிறப்பவே கேக்குது, அவரு வந்தா மட்டும் வரி சின்னதாயிடுது. டாக்டர் வீட்டுக்குள்ள நுழைஞ்சா இவன் கதவைச் சாத்திட்டு வேற அத்தியாயத்துக்குப் போயிடறான்."

நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். நாலு இடம். நாலிலும் "கிளம்பிப் போனார்". நான் இரண்டு தடவை படித்த நாவல் அது. முதல் தடவை கடைசிவரை மச்சினனைத்தான் சந்தேகப்பட்டேன், இரண்டாம் தடவை டாக்டர் என்று தெரிந்தேதான் படித்தேன், அப்போதும் இது கண்ணில் படவில்லை.

எப்படி என்று கேட்டதற்கு அவருக்குப் பெரிதாகச் சொல்லத் தெரியவில்லை, தெரிந்ததைப் பட்டறை பாஷையில் சொன்னார். காலையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள், சாயங்காலம் எடை போட்டு வாங்குவார்கள். கடைசி எடை என்ன வரணும் என்று தெரிந்தால்தான் நடுவில் எங்கே கழிந்தது என்று தேட முடியும். "நீ சொன்ன எடை சேரல. எந்த இடத்துலயும் சேரல."

1929ல் ரொனால்டு நாக்ஸ் என்று ஒரு ஆங்கிலேயப் பாதிரியார், அவரும் துப்பறியும் நாவல் எழுதியவர், இந்த மாதிரி கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். முதல் கட்டளை, குற்றவாளி கதையின் ஆரம்பப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும், ஆனால் அவன் மனசுக்குள் ஓடுவதை வாசகர் கேட்டிருக்கக் கூடாது. பெரியம்மா வேறு மாதிரி சொல்வார்: கொலை பண்ணினவன் இருபது பக்கத்துக்குள்ள வந்து ஒரு காப்பியாவது குடிச்சிருக்கணும், எங்கேயோ இருந்து கடைசியில் வந்து குதித்தால் அந்த எழுத்தாளரை அவர் மறுபடி வாங்க மாட்டார். ராஜேஷ்குமார் மேல் அவருக்கு இருக்கும் மரியாதைக்கும் இதுதான் காரணம். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் நாவல் எழுதிய மனுஷர், ஒரு அத்தியாயம் ஒரு ஊரில், அடுத்தது சம்பந்தமே இல்லாத இன்னொரு ஊரில், இரண்டு தண்டவாளமும் கடைசியில் எங்கேயோ சேரும். சேருகிற இடம் முதலிலேயே தெரிந்தவருக்கு, ஒவ்வொரு அத்தியாயத்திலும் அந்தத் தண்டவாளம் எவ்வளவு வளைகிறது என்று பார்ப்பதுதான் விளையாட்டு. நான் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன். அவர் இத்தனை வருஷமாக டிரைவரின் கையைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

எனக்குள் ஒன்று மட்டும் இன்னும் இடிக்கிறது, மறைக்கவில்லை. அதற்கப்புறம் நானும் ஒரு நாவலைப் பின்னாலிருந்து படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது எல்லாம் தெரிந்தது, எழுத்தாளர் எங்கே கையை மறைக்கிறார், எங்கே வேண்டுமென்றே பூனையைக் கத்தவிடுகிறார், எல்லாம். ரசித்தேன். ஆனால் எழுந்து உட்காரவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முதுகில் ஒரு சில்லிப்பு ஏறுமே, அது ஒரு புத்தகத்துக்கு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும், அதை நானே கையால் எடுத்துக் கீழே வைத்த மாதிரி இருந்தது. பெரியம்மாவுக்கு அந்தச் சில்லிப்பு எந்தப் புத்தகத்திலும் கிடைத்ததே இல்லையா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "திங்கக்கிழமை மத்தியானம் கிடைக்கும். விலங்கு மாட்டறாங்க, அழுவறாங்க, யாருன்னே தெரியல, என்ன பண்ணினான்னு தெரியல. செவ்வாக்கிழமை எப்ப வரும்னு இருக்கும்." அவருடைய சஸ்பென்ஸ் அங்கே இருந்திருக்கிறது.

அன்றைக்கு, பதினோராவது அத்தியாயத்தில், பொய் அம்பலப்பட்ட அந்தச் சாயங்காலம், நான் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கிற மாதிரி அவர் விடவும் இல்லை. சொட்டு மருந்து போடும் நேரம் ஆகியிருந்தது. போட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். வெளியே தெருவில் பட்டறை விட்டுப் போகிறவர்கள் பேச்சு கேட்டது. நான் பன்னிரண்டாவது அத்தியாயத்தைத் திறந்தேன்.

"அது இருக்கட்டும்" என்றார், கண்ணைத் திறக்காமலே. "முதல்ல கடைசி அத்தியாயத்தைப் படி. ஒழுங்கா."